வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பசு

பேராக் மாநிலத்தில் கோப்பெங் போகும் சாலையில், ஹார்லி ரப்பர் தோட்டத்தின் பழைய துரை பங்களாவில், 1978ஆம் ஆண்டு ஒரு வெளிநாடு குடிவந்தது. முழு நாடும் இல்லை. வருஷத்தில் பாதி நாள் பனியில் கிடக்கும் ஒரு சின்ன நாட்டின் வாணிப அலுவலகம். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டதில் பங்களா சும்மா கிடந்தது. ரப்பரையும் ஈயத்தையும் கிட்டத்திலிருந்து பார்த்து ஊருக்கு எழுதி அனுப்ப ஒரு கமிஷனர், அவருக்கு ஒரு செயலாளர், ஒரு டைப்ரைட்டர். அவ்வளவுதான் அந்த நாடு.

கமிஷனர் வெள்ளைக்காரர், நெட்டை, பேச்சு குறைவு. ஆகவே நாட்டின் கௌரவத்தைத் தூக்கிச் சுமக்கும் வேலை செயலாளர் ஆம்புரோஸின் தலையில் விழுந்தது. அவர் பக்கத்து ஊரான பத்து காஜாவைச் சேர்ந்தவர். இங்கிலீஷ் பள்ளியில் படித்தவர். வெயிலிலும் டை கட்டுகிறவர். தூதரகங்களுக்கு உரிய சலுகைகளைப் பற்றி எங்கோ ஒரு புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்திருந்தார். போலீஸ் உள்ளே வரக்கூடாது, சுகாதார இலாகா கொசு மருந்து அடிக்கக்கூடாது, காருக்கு யாரும் சம்மன் எழுதக்கூடாது. இதையெல்லாம் ஊர் மறந்துவிடக் கூடாதே என்று கேட்டுக்கு அடியில், தரையில், சுண்ணாம்பால் ஒரு வெள்ளைக் கோடு போட்டுவைத்தார். தினமும் காலை பத்து காஜா பஸ்ஸில் வந்து இறங்குவார், கோட்டைத் தாண்டி வெளிநாடு போவார், மாலை ஐந்துக்குத் தாயகம் திரும்புவார்.

இந்த நாட்டுக்குள்தான் ஒரு திங்கட்கிழமை மங்களத்தின் பசு நுழைந்தது. கேட் வழியாக இல்லை. பின்பக்கம் வேலி சாய்ந்திருந்த இடத்தில்.

மங்களம் தோட்டம் இருந்தவரை பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவள். தோட்டம் போனதும் மிச்சம் நின்ற லயத்து வீடு ஒன்றில் தங்கி, ஒரு செவலைப் பசுவை வைத்து, கோப்பெங் வீடுகளுக்குப் பால் ஊற்றிப் பிழைத்தாள். பசு நிறைமாதம். போன தடவை கன்றுக்குப் பின்னங்கால் முதலில் வந்து, ஆள் கிடைக்காமல், கன்று செத்துத் தாயும் சாகப் பார்த்தது. இந்தத் தடவை பக்கத்திலேயே படுத்துக்கொள்வது என்று முடிவெடுத்திருந்தாள். பசு என்னடா என்றால் வெளிநாட்டில்.

"கிராணியாரே, கேட்டத் தொறங்க. மாட்ட ஓட்டிக்கிட்டுப் போயிர்றேன்."

"நான் தோட்டத்துக் கிராணி இல்லம்மா. வாணிபச் செயலாளர்."

"சரிங்க செயலாளரே, தொறங்க."

"அப்படியெல்லாம் நினைச்சா வந்துர முடியாது. இது வேற நாடு. மாடு அனுமதி இல்லாம எல்லை தாண்டி வந்திருக்கு. அதுவே பெரிய கேஸ்."

"மாட்டுக்கு என்னா தெரியும் சார்? புல்லு இருந்துச்சு, போச்சு."

"எழுதிக் குடுங்க. மூணு காப்பி. நான் தலைநகருக்கு அனுப்புறேன்."

"கோலாலம்பூருக்கா?"

"எங்க தலைநகருக்கு," என்றார் ஆம்புரோஸ். கடல் தாண்டி, பனி தாண்டி, அது எங்கே இருக்கிறது என்று அவருக்கும் சரியாகத் தெரியாது.

சாய்ந்த வேலி வழியாக அவளே போயிருக்கலாம். அந்த யோசனையும் வந்தது. ஆனால் அன்று மதியமே ஆம்புரோஸ் அங்கே முள்கம்பி இழுத்துக் கட்டிவிட்டார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வெளிநாட்டு விசயம் நமக்கு சுசா லா, பெரிய தொந்தரவு," என்று கதவு வரை வந்து வழியனுப்பினார்.

மிச்சம் இருந்தது ஒய்.பி.தான்.

ஒய்.பி. என்றால் மாண்புமிகு. உடையப்பன் பேராக் சட்டமன்ற உறுப்பினர். நாலு வருஷமாக ஈப்போவில் சட்டமன்றம் கூடும்போதெல்லாம் தவறாமல் போனார், தவறாமல் சாப்பிட்டார். அவர் வாயிலிருந்து சபைக் குறிப்பில் ஏறிய ஒரே சொல் 'செதுஜு'. ஆமோதிக்கிறேன் என்று அர்த்தம். அதையும் ஒரு தடவை யாரும் எதையும் கேட்காதபோது சொல்லிவிட்டார். இப்போது தேர்தல் வரும் என்று பேச்சு அடிபட்டது. மங்களம் சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"அக்கா, இது உங்க மாடு இல்ல. மக்களோட மாடு."

"ஐயோ இல்லீங்க ஐயா, என்னோடதுதான். வேணும்னா லயத்துல கேட்டுப் பாருங்க."

கட்சிக் கிளைச் செயலாளர் ராமையா அவளை ஓரமாகக் கூட்டிப்போய், ஒய்.பி. சொன்னது பேச்சுக்காக என்று விளக்கினார்.

புதன்கிழமை சட்டமன்றம் கூடியது. வெளிநாட்டு வாணிப அலுவலகங்களை யார் கண்காணிப்பது, அவற்றுக்கு எந்தச் சலுகை, யார் கொடுத்தது என்று உடையப்பன் கேட்டார். சபை அசந்துபோனது. கேள்வியால் அல்ல, கேட்டது யார் என்று பார்த்து. சபாநாயகர் பொறுமையாக, வெளிநாட்டு விவகாரம் மத்திய அரசின் அதிகாரம், மாநிலம் தலையிட முடியாது, உட்காருங்கள் என்றார். உடையப்பன் உட்கார்ந்தார். பார்வையாளர் வரிசையிலிருந்த ராமையா ஒரு துண்டுச் சீட்டு அனுப்பினார்: 'அண்ணே, நெலம் மாநிலத்தோடது.' உடையப்பன் மறுபடி எழுந்தார். ரப்பர் நடுவதற்கென்று பட்டா கொடுத்த நிலத்தில் ஒரு நாடு நட்டிருக்கிறார்களே, அதை யார் பார்ப்பது? இதற்குச் சபையில் யாரிடமும் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில் கமிட்டி போடுவது வழக்கம். உடையப்பனும், பாரிட் புந்தார் உறுப்பினரான ஒரு மலாய் ஹாஜியும் போய்ப் பார்த்து வரட்டும் என்று முடிவானது. ஹாஜி சின்ன வயதில் தோட்டத்துப் பையன்களோடு பந்தாடியவர். தமிழ் நன்றாகப் பேசுவார், திட்டுவது இன்னும் நன்றாக.

வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து ஹாஜி வர மூன்று மணியானது. உடையப்பன் வெள்ளை சஃபாரி சூட்டில் வந்திருந்தார். ராமையா கையில் கேமரா. மங்களம் காலையிலிருந்தே கேட் ஓரம் நின்றாள். நாலு நாளாகத் தூரத்திலிருந்தே மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள்.

"ஐயா, மடி இறங்கிருச்சு. வால் பக்கம் குழி விழுந்துருச்சு. இன்னிக்குப் போட்டுரும். சீக்கிரம் பேசுங்க."

"கவலைய விடுங்க அக்கா," என்று உடையப்பன் கேட்டைப் பாதி திறந்து ஒரு காலைத் தூக்கினார்.

"ஒய்.பி., நில்லுங்க!" என்றார் ஆம்புரோஸ் உள்ளிருந்து. "அந்தக் கோட்டைத் தாண்டி மிதிச்சீங்கன்னா ரெண்டு நாட்டுக்கும் நடுவுல விவகாரமாயிரும். அப்புறம் நான் பொறுப்பில்ல."

உடையப்பன் தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். ராமையா அதைப் படம் எடுத்துவிட்டார்.

"சலுகை இருக்குன்னு என்னப்பா ஆதாரம்?" என்று ஹாஜி கேட்டார்.

இந்தக் கேள்விக்காகவே ஆம்புரோஸ் இரண்டு வருஷமாகக் காத்திருந்த மாதிரி இருந்தது. உள்ளே போனார். கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு கடிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். மேலே இரண்டு புலி போட்ட அரசாங்க முத்திரை. கீழே மலாயில் நாலு வரி, கையெழுத்து. உடையப்பன் தன்னை அறியாமல் விறைப்பாக நின்றார். கடிதத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார், கீழிருந்து மேல்வரை பார்த்தார். அவரும் இங்கிலீஷ் பள்ளிதான். அரசாங்க மலாய் அவருக்கு நாக்கில் பாதி தூரம்தான் வரும். கண்ணுக்கு அதுவும் இல்லை.

"ரொம்பத் தெளிவா இருக்கு," என்றார். "சட்டம்னா சட்டம்தான்."

ஹாஜி சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். மங்களம் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து கழுத்தை நீட்டினாள்.

"இந்தக் காயிதமா?" என்றாள். "இதே மாதிரி எங்கிட்ட ஏழு இருக்கே."

"என்னம்மா உளர்றீங்க," என்றார் ஆம்புரோஸ்.

"உளறல சார். பதினோரு வருசமா பிரசா உரிமைக்கு எழுதிப் போட்டுக்கிட்டு இருக்கேன். இங்கேயே பொறந்தேன், ஆனா பொறப்புச் சூராட்டு இல்ல, இன்னும் பிரஜை இல்லாதவங்களுக்குக் குடுக்குற செவப்பு ஐசிதான். ஒவ்வொரு தடவயும் இதான் வரும். ரெண்டு புலி, நாலு வரி. கடேசி வரியப் பாருங்க, செடாங் டிபெர்திம்பாங்கான்னு இருக்கும். எனக்குப் படிக்கத் தெரியாது, வாசிச்சுக் காட்டுனாங்க. ஆனா அந்த வார்த்த நடந்து வந்தாகூட நான் அடையாளம் கண்டுக்குவேன்."

ஹாஜிக்குக் கண்ணாடி கிடைத்துவிட்டது. போட்டுக்கொண்டு படித்தார். சிரிப்பில் தோள் குலுங்கியது.

"அந்த அம்மா சொல்றது சரி. 'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது. பரிசீலனையில் இருக்கிறது.' அவ்வளவுதான். சலுகையும் இல்ல, ஒண்ணும் இல்ல. தம்பி, இதுக்கப்புறம் வேற கடிதம் ஏதும் வந்துச்சா?"

ஆம்புரோஸின் டை மட்டும் நேராக நின்றது. "வந்துச்சு. ட்ராயர்ல அஞ்சு இருக்கு," என்றார் மெதுவாக. "முத்திரை இருந்துச்சு. நல்ல சேதியாத்தான் இருக்கும்னு…"

"படிக்கலியா?"

"மலாய்ல இருந்துச்சு."

அவரைப் பார்த்துச் சிரிக்க உடையப்பனுக்கு மிகவும் ஆசை. ஆனால் ஒரு நிமிஷம் முன்னால் தானே 'தெளிவா இருக்கு' என்று சொன்னது நினைவு வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அப்போதுதான் பங்களாவுக்குப் பின்னாலிருந்து பசு அடிவயிற்றிலிருந்து கத்தியது.

மங்களம் யாரையும் கேட்கவில்லை. கேட்டைத் தள்ளினாள், கோட்டை மிதித்தாள், ஓடினாள். கமிட்டி பின்னால் ஓடியது.

சமையலறைக்குப் பின்னே பசு படுத்திருந்தது. அதன் பக்கத்தில், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, முழங்கை வரை சோப்பு நுரையோடு கமிஷனர் மண்டியிட்டிருந்தார். அவர் பிறந்தது மாட்டுப் பண்ணையில். பங்களாவோடு மாடும் சேர்த்துத்தான் வாடகைக்குத் தந்திருக்கிறார்கள் என்று நாலு நாளாக நினைத்துக்கொண்டு, தினமும் ரொட்டி போட்டு, தண்ணீர் வைத்து, பாராட்டி ஊருக்கு ஒரு கடிதம்கூட எழுதியிருக்கிறார். வெளியே இத்தனை பேர் நிற்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மங்களம் அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை புரியாது. அவர் இரண்டு விரலைக் கீழ்நோக்கிக் காட்டினார். இந்தத் தடவையும் பின்னங்கால்.

"ஐயா, ஒய்.பி.! வாலப் புடிங்க!"

"நானா?"

"நீங்கதான். ஒதறுது பாருங்க, புடிங்க. ஹாஜி ஐயா, தலப் பக்கம் அமுக்கிக்குங்க. செயலாளரே, சும்மா நிக்காம அந்த டைய அவுத்துக் குடுங்க."

டை கன்றின் இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டப் பயன்பட்டது. நல்ல கெட்டியான டை. பசு முக்கும்போது கமிஷனர் இழுத்தார். முக்காதபோது மங்களம் அவர் கையில் ஓர் அடி போட்டு நிறுத்தினாள். அவர் மறுபேச்சில்லாமல் நின்றார். சட்டமன்ற உறுப்பினர் வாலைப் பிடித்துக்கொண்டு, வெள்ளை சஃபாரி என்ன ஆனது என்று குனிந்து பார்க்கத் துணிவில்லாமல், வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கன்று வழுக்கிக்கொண்டு விழுந்தது. அசையவில்லை. மங்களம் அதன் மூக்கைத் துடைத்து, வாய்க்குள் விரல் விட்டு, பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி ஒரு உலுக்கு உலுக்கினாள். கன்று தும்மியது.

"கிடேரி," என்றாள். புறங்கையால் கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் ரத்தமானது.

எல்லாரும் புல்லிலேயே உட்கார்ந்தார்கள். ராமையா கேமராவைக் கீழே வைத்தார். "அண்ணே, ஒரு சந்தேகம். கன்னு எந்த நாட்டுப் பிரஜைன்னு ரிப்போர்ட்ல எழுதுறது?"

உடையப்பன் உடனே எழுந்தார். "அது வந்து, ஆழமா ஆராய வேண்டிய…"

"ஆராயாதீங்க ஐயா," என்றாள் மங்களம். "ஆராய்ஞ்சா பதினோரு வருசம் ஆவும். அதுக்குள்ள இதுவே நாலு கன்னு போட்டுரும்."

ஹாஜி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, அந்த ஏழு கடிதங்களையும் திங்கட்கிழமை ஈப்போவுக்குத் தன்னிடம் எடுத்து வரச் சொன்னார். கொண்டுவருகிறேன் என்றாள் மங்களம். இப்படிக் கேட்டவர்களை அவளுக்கு முன்பே தெரியும். ஆனாலும் இவர் கையில் மாட்டு எச்சில் காயாமல் இருந்தது. அதனால் கொஞ்சம் நம்பினாள்.

கமிஷனர் ஆம்புரோஸிடம் ஏதோ சொன்னார், நீளமாக. ஆம்புரோஸ் டை இல்லாத கழுத்தைத் தடவிக்கொண்டே மொழிபெயர்த்தார்.

"மாடு ரொம்பக் களைச்சிருக்காம். மூணு நாளைக்கு நடக்க வைக்க வேணாம்னு சொல்றாரு. நீங்க வந்து போயிக்கலாமாம். ராத்திரி பின்னால ரூம்புல படுத்துக்கலாமாம்." கொஞ்சம் தயங்கினார். "வேணும்னா உங்களுக்கு ஒரு அனுமதிக் கடிதம் டைப் பண்ணித் தாரேன் அக்கா. முத்திரையோட."

மங்களம் பசுவின் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காயிதம் வேணாம் தம்பி. ஒரு வாளி கொண்டா. சீம்பால் கறக்கணும்."

ஆம்புரோஸ் வாளி தேடிப் போனார்.