பகல் இரைச்சல்

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போனதும் அவள் கை தானாகச் சுவருக்குப் போய் மின்விசிறியை அணைத்தது. இறக்கைகள் வேகம் குறைந்து நிற்கும்போதுதான் அறை காலியாக இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. கட்டிலில் மாமா இருந்தார். அவர்மேல் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியின் ஓரம் இவ்வளவு நேரம் அசைந்துகொண்டிருந்தது. இப்போது அடங்கியது.

"அதையுமா அண்ணி?"

நாத்தனார் சுவரோரம் உட்கார்ந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை. விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கியவள், ஒரு பாட்டம் அழுது முடித்துவிட்டு ஓய்ந்துபோய் இருந்தாள். கோபமாகக் கேட்கவில்லை. அதனாலேயே இன்னும் கூசியது. அவள் சுவிட்சை மறுபடி போட்டுவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.

அந்த வீட்டில் எல்லோருக்கும் இந்தக் கை வந்துவிட்டிருந்தது. ஒரே வருடத்துக்குள் இரண்டு முறை மின்கட்டணம் ஏறியது. முதல் முறை ஏறியபோது ஆளாளுக்குத் திட்டினார்கள். இரண்டாவது முறை யாரும் திட்டவில்லை. மூலை பேக்கரிக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வெளியிலிருந்து ரொட்டி வாங்கி விற்றார், பிறகு கதவையும் சாத்திவிட்டார். தையல்காரர் மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டுக் காலால் மிதிக்க ஆரம்பித்தார். அவள் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில், மூன்று பேர் சேர்ந்தால்தான் மிஷினைப் போட வேண்டும் என்று முதலாளி சட்டம் வைத்தார். மிஷின் சூடாவதற்கு இழுக்கிற கரண்ட் ஒரு ஆளுக்கும் அதேதான், மூன்று ஆளுக்கும் அதேதான். முதல் ஆள் இருட்டில் பெஞ்சில் காத்திருப்பார். இரண்டாமவர் வந்து பக்கத்தில் உட்காருவார். மூன்றாவது ஆள் வாசலில் தலை காட்டினால், கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வந்துவிட்டது போல இருவரும் எழுந்து நின்றுவிடுவார்கள்.

அவள் கணவன் ஐஸ் ஃபேக்டரியில் இருந்தான். அங்கே இரண்டு கம்ப்ரசர்களில் ஒன்றை நிறுத்தியதும் அவனுக்கு மாதத்தில் பாதி நாள்தான் வேலை என்றானது. மீதி நாட்களில் வேறு வேலை தேடிக் காலையிலேயே கிளம்பிவிடுவான். வீட்டில் ஃபிரிட்ஜ் அணைந்து, வெங்காயமும் பழைய துணியும் வைக்கிற அலமாரியானது. துணியை அவள் கையால் துவைத்தாள். டிவியின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். சமையலறையில் எரிந்த பல்பைக் கழற்றி அதைவிடச் சிறிதாக ஒன்றைப் போட்டாள். எதை வேண்டுமானாலும் அணைக்க முடிந்தது, மாமாவின் மிஷினைத் தவிர.

தெருவில் அவரை வெல்டர் என்றுதான் சொல்வார்கள். வேலையை விட்டு வருடங்கள் ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை, நுரையீரலுக்குள் போன புகையும் போகவில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மிஷின் அது. முழங்கால் உயரம் இருக்கும். வாடகைக்கு எடுத்தது. குளிக்கிற நேரமும் சாப்பிடுகிற நேரமும் போக, தூக்கத்தில்கூட அதன் குழாய் மூக்கில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கேயோ ஒரு பழைய பஸ் புறப்படாமல் உறுமிக்கொண்டே நிற்பது போல அதன் இரைச்சல் வீட்டில் நிரந்தரமாகிவிட்டது.

"ஆயுசு பூரா கம்பெனி கரண்ட்டைத் தின்னேன். இப்ப வீட்டுக் கரண்ட்டைத் தின்னுறேன். வாய் சும்மா இருக்குமா?" என்பார். சிரிக்கும்போதே மூச்சு வாங்கும்.

இரண்டாவது ஏற்றத்துக்குப் பிறகு வந்த பில்லைச் சமையலறையில் நின்றபடி பார்த்துவிட்டு, அவள் கணவன் மெதுவாகத்தான் சொன்னான். "இந்த மிஷின் மட்டும் இல்லேன்னா…"

அவன் முடிக்கவில்லை. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தண்ணீர் மொண்டு குடித்தான். உள்ளே இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலை நம்பித்தான் அவர்கள் எதையும் பேசுவார்கள்.

அதற்கடுத்த பில் பாதியாக வந்தது. வாசலில் நின்றே இரண்டு முறை பார்த்தாள். அந்த மாதம்தான் மின்னடுப்பைக் கட்டிப் பரண்மேல் போட்டிருந்தாள், இஸ்திரிப் பெட்டியை எடுக்கவே இல்லை. ஆக இது தன் கையால் ஆனது என்று அவள் நினைத்ததில் தப்பில்லை. கணவன் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வெகுநாளைக்குப் பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தான். மாமா கட்டிலில் இருந்தபடியே, "எல்லாம் உன் சாமர்த்தியம்மா" என்றார். "அவன் சம்பாதிக்கிறதைவிட நீ மிச்சம் பிடிக்கிறது ஜாஸ்தி." அந்தச் சந்தோஷத்தில் அவள் வெங்காயத்தை எடுத்து வெளியே வைத்துவிட்டு ஒரு நாள் ஃபிரிட்ஜைப் போட்டாள். அவருக்குக் குளிர்ந்த தண்ணீர் பிடிக்கும். இரண்டு டம்ளர் குடித்தார்.

நேற்றுச் சாயங்காலம் அவள் கடையிலிருந்து வந்து படியேறும்போது இரைச்சல் இல்லை. கரண்ட் போய்விட்டது என்றுதான் நினைத்தாள். கதவைத் திறந்து சுவிட்சைப் போட்டாள். விளக்கு எரிந்தது. மாமா ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். தெரு முனை தெரிகிற நாற்காலி அது. குழாய் கழுத்தில் கிடந்தது. தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்திருந்தது.

ஃபேக்டரியிலிருந்து ஓடி வந்தவன் முதலில் அப்பாவைப் பார்த்தான், பிறகு மிஷினைப் பார்த்தான். அதன் பச்சை விளக்கு எரியவில்லை. எந்த சுவிட்ச் மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்றெல்லாம் அந்த நேரத்தில் யார் பார்த்தார்கள். வாடகைக் கடைக்கு ஃபோன் செய்து, உங்கள் மிஷின் நின்றுபோய் என் அப்பா செத்துப்போனார் என்று கத்தினான். நாளைக்கு இங்கே ஒருத்தன் வந்தாக வேண்டும், வருகிறவன் காலோடு திரும்பிப் போக மாட்டான் என்றான். இரவு முழுக்க அந்தக் கோபத்தைத்தான் பிடித்துக்கொண்டு நின்றான். காலையில் வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். இந்தக் காலத்து மிஷினை எதை நம்பி வைப்பது என்றார்கள். அப்படிச் சொல்வது எல்லோருக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அவளுக்கும் இருந்தது.

சமையலறையில் கீழ் வீட்டு அக்கா யாரும் சொல்லாமலே டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். பார்சல் கிடங்கில் இரவு வேலை அவளுக்கு. கண் சிவந்திருந்தது. வேலையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். இன்னும் தூங்கவில்லை.

"போய்ப் படுங்கக்கா. நான் பாத்துக்கிறேன்."

"தூக்கம் எங்க வரும்." அக்கா ஒரு டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கவிழ்த்தாள். "எனக்குத் தூக்கம் குடுத்ததே அவர்தான். உனக்குத் தெரியுமோ என்னமோ. ஒரு நாள் நான் சண்டைக்கே வந்துட்டேன். ராத்திரி பூரா மூட்டை தூக்கிட்டு வந்து படுத்தா, மேல இந்தச் சத்தம். மண்டைக்குள்ள ஓடுற மாதிரி இருக்கும். கதவைத் திறந்தவரு, பகல்ல எனக்கு அது தேவையே இல்லம்மா, நீ போய்த் தூங்குன்னாரு. அன்னையிலேருந்து நீங்க ரெண்டு பேரும் வெளிய போனதும் நிறுத்திடுவாரு. சாயங்காலம் நீ வர்ற நேரத்துக்குப் போடுவாரு. அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் எழுந்திரிப்பேன். அலாரமே வைக்கிறதில்ல."

அவள் கையில் துடைக்கிற துணி இருந்தது. அதை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள்.

"எப்பலேருந்துக்கா?"

"ஆச்சு. மழை விட்டு வெயில் ஆரம்பிச்சப்போ."

மழை விட்டபோதுதான் இரண்டாவது ஏற்றத்தின் அந்தப் பெரிய பில் வந்தது.

சாயங்காலங்களில் அவள் உள்ளே நுழையும்போதெல்லாம் மாமாவுக்கு மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். இப்போதுதான் பாத்ரூம் போய்விட்டு வந்தேன் என்பார். தினமும் அதே நேரத்துக்கா என்று அவளுக்குக் கேட்கத் தோன்றியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் முகம் தெளிந்து, தெருவில் போகிறவர்களைக் கேலி செய்கிற அளவுக்கு வந்துவிடுவார். மகன் வீட்டில் இருக்கிற சந்தோஷம் என்று அவள் நினைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மிஷின் நாள் முழுக்க ஓடும். அன்றைக்கு அவர்கள் இருவரும் வீட்டில் இருப்பார்கள்.

அக்காவின் கைகள் தண்ணீருக்குள் நின்றுவிட்டிருந்தன.

"தேவையில்லன்னுதான் சொன்னாரு," என்றாள். குரல் மாறியிருந்தது. "நிறுத்தலாம்தானே அதை? நிறுத்தினா ஒண்ணும் இல்லதானே?"

அவள் தலையை நிமிர்த்தினாள். வாசற்படியில் அவள் கணவன் காலி ஜக்கோடு நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. டாக்டர் சொன்னபோது அறைக்குள் இருந்தவன் அவன்தான். அப்பாவுக்குச் சரியாகக் காது கேட்கவில்லையோ என்று, சொன்னதைத் திரும்பத் திரும்ப அவர் காதருகே சொன்னவனும் அவன்தான்.

"நிறுத்தலாம்க்கா," என்றாள் அவள். "டாக்டரே சொன்னதுதான். பகல்ல தேவையில்ல."

அக்கா மூச்சை விட்டாள். கைகள் தண்ணீருக்குள் மறுபடி அசைந்தன.

அவன் உள்ளே வந்து ஜக்கைக் குழாயடியில் வைத்தான். நிரம்பி வழிந்தது. வழிந்துகொண்டே இருந்தது. அவளும் குழாயை மூடவில்லை, அக்காவும் மூடவில்லை. பிறகு அவனே மூடிவிட்டு, ஜக்கைத் தூக்கிக்கொண்டு போனான். தரையில் அவன் போன வழி நெடுக ஈரம்.

மதியத்துக்கு மேல் வண்டி வந்தது. படிக்கட்டு குறுகல். திருப்பத்தில் கட்டிலைச் சாய்க்க வேண்டியிருந்தது. மெதுவாக, மெதுவாக என்று யாரோ சொன்னார்கள். கீழ் வீட்டு அக்கா கைப்பிடிச் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டாள். அவன் தலைமாட்டுப் பக்கம் பிடித்திருந்தான். இறக்கி வைக்கும் வரை யார் முகத்தையும் பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்து திரும்பியபோது வீடு அகலமாகிவிட்டது போல இருந்தது. கட்டிலை யாரோ பழைய இடத்திலேயே போட்டு மெத்தையையும் விரித்திருந்தார்கள். நாத்தனார் அப்பாவின் சட்டைகளை மடித்து ஒரு பைக்குள் வைத்தபடி பேசினாள்.

"காலையில விசிறிக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது அண்ணி. மனசுல வெச்சுக்காதீங்க. அப்பா ஃபோன்ல எப்பப் பேசினாலும் உங்க பெருமைதான். பில்லைப் பாதியாக்கிட்டா எங்க வீட்டு மகராசி, நீயும் இருக்கியேன்னு என்னைத் திட்டுவாரு." சட்டைக் காலரில் பொறி பட்டு ஓட்டையான இடத்தை விரலால் தடவினாள். "எப்படி அண்ணி பண்ணீங்க? எங்க வீட்ல எதை அணைச்சாலும் குறைய மாட்டேங்குது."

அவன் ஜன்னலோர நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அவள் பையை வாங்கி வாயைக் கட்டினாள். கட்டு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

வெயில் இறங்கும் நேரத்தில் மிஷின்காரர் வந்தார். நடுவயது, ஒல்லியான ஆள். ஹெல்மெட்டைக் கழற்றாமல் கதவுக்கு வெளியே நின்றார். ஃபோனில் வாங்கிய பேச்சு அவர் நிற்கிற நிலையில் தெரிந்தது. அவருக்குப் பின்னால் படிக்கட்டில் இரண்டு மூன்று பேர் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தார்கள்.

"அண்ணே, அவன் வந்துட்டான்," என்றாள் நாத்தனார்.

அவன் எழுந்து வந்தான். மிஷின்காரர் ஒரு படி பின்னால் போனார்.

"உள்ள இருக்கு," என்றான் அவன். "வாங்க."

மிஷின்காரர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மிஷின் முன் முழங்காலிட்டு ஒயரைத் தடவிப் பார்த்தார், வடிகட்டியைக் கழற்றி ஊதி மாட்டினார், பிளக்கைச் சொருகிப் பொத்தானை அழுத்தினார். ஒரு குலுக்கல். பிறகு அந்த இரைச்சல் அறையை நிரப்பியது. பச்சை விளக்கு எரிந்தது.

"நல்லாத்தான் ஓடுது சார்," என்றார் அவர் பயந்துகொண்டே.

"நேத்து நின்னுச்சுல்ல?" என்றாள் நாத்தனார். "கேளேன் அண்ணே. ஏன் நின்னுச்சுன்னு கேளு."

அவன் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"கரண்ட் போயிருக்கும்," என்றான்.

நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு இருவர் முகத்தையும் பார்த்தாள். பிறகு சட்டைகள் இருந்த பையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். படிக்கட்டில் நின்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

மிஷின்காரர் இன்னும் முழங்காலில்தான் இருந்தார். "எடுத்துட்டுப் போகட்டுங்களா சார்?"

"கொஞ்சம் ஓடட்டும்."

"ஆமா சார். திரும்ப நிக்குதான்னு பாக்கணும்னா ஓடவிட்டுத்தான் பாக்கணும்." அவராகவே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டு, போய்ப் படியில் உட்கார்ந்தார்.

அவன் நாற்காலிக்குத் திரும்பிப் போனான். தெரு முனையைப் பார்த்தபடி உட்கார்ந்தான். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. யாரும் விளக்கைப் போடவில்லை. அவள் சுவிட்சுப் பலகையை ஒட்டி நின்றாள், இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு. கீழ் வீட்டில் கதவு திறந்தது. வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அக்கா வேலைக்குக் கிளம்புகிறாள்.

குழாயின் முனை தலையணைமேல் கிடந்தது. உறையின் ஓரத்தில் பிரிந்திருந்த ஒரு நூல், அதிலிருந்து வந்த காற்றில் அசைந்துகொண்டிருந்தது.