மூச்சு விடாத சுவர்

நார்ப் பியல்ஸ்கியின் வாசற்படியை இதுவரை ஒரு ரிப்பேர்காரரும் மிதித்ததில்லை. அவர் மிதிக்க விட்டதில்லை என்பதுதான் சரி. கார் தொழிற்சாலையில் எந்திரங்களோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்ற மனிதர். பஃபலோ நகரின் அந்தத் தெருவில், தன் வீட்டு எந்திரத்துக்கு வெளியாளைக் கூப்பிடுகிற ஆண்பிள்ளையை அவர் ஒரு மாற்றுக் குறைவாகத்தான் பார்ப்பார். அதனால் வெள்ளிக்கிழமை காலை, டிரையர் சுற்றுகிறது ஆனால் துணி காயவில்லை என்று மனைவி ஐரீன் வந்து சொன்னபோது அவருக்குக் கவலை வரவில்லை. உள்ளூரக் குஷிதான் வந்தது.

"டிரம் நல்லாத்தான் சுத்துது. சூடே இல்ல. கையை விட்டா ஜில்லுனு இருக்கு," என்றாள் ஐரீன். "நேத்து ராத்திரி போட்ட துணி அப்படியே ஈரமாக் கெடக்கு. டானாவோட யூனிஃபார்மும் அதுலதான். இன்னிக்கு ராத்திரி டியூட்டிக்கு அவ எதைப் போட்டுக்கிட்டுப் போவா?"

"சாயங்காலத்துக்குள்ள மொறுமொறுன்னு காய வச்சுத் தரேன்."

"யாரையாவது கூப்பிடலாம்."

"யாரைக் கூப்பிடுவே? வண்டி எடுக்கக் கூடாதுன்னு ஊரையே பூட்டி வச்சிருக்கான். சர்ச்சுல வெள்ளிக்கிழமை போடற மீன் வறுவலே இல்லேங்கிறான், இதுல ரிப்பேர்காரன் வருவானாம்!"

ஏரியிலிருந்து கிளம்பி வந்த பனி ஒரு நாள் முழுக்கக் கொட்டித் தீர்த்திருந்தது. வியாழன் சாயங்காலம் அது கொஞ்சம் ஓய்ந்ததும் நார்ப் பனி வாரும் மிஷினை இறக்கிக் கார்ப்பாதையைச் சுத்தம் செய்தார். இங்கேதான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு கார்மைன் ஃபுஸ்கோவின் வீட்டுக்கும் நடுவே ஒரு கார் நுழைகிற இடம்தான். வாரிய பனியை எங்கேயாவது வீசித்தானே ஆக வேண்டும்? போன குளிர்காலத்தில் அது கார்மைன் பக்கம் விழுந்துவிட்டது. மனிதர் மண்வெட்டியோடு வந்து வாசலில் நின்று, "உன் பனியை உன் வீட்டோட வச்சுக்கய்யா!" என்று தெருவே கேட்கும்படி கத்தினார். நார்ப்புக்கு ரோஷம். இந்த வருஷம் மிஷினின் மூக்கைத் தன் வீட்டுச் சுவர்ப் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டார். பனி முழுவதும் அவர் சுவரிலேயே அடித்து, நிலவறை ஜன்னலை மூடி, ஆள் மார்பு உயரத்துக்குக் குவிந்தது. அவன் வாயை அடைத்தாயிற்று என்ற திருப்தியோடு உள்ளே போய் சூப் குடித்தார்.

டிரையரின் புகையும் ஆவியும் போகிற குழாய் அந்தச் சுவரில்தான் வெளியே வருகிறது. அது அவருக்குத் தெரியாதா? அந்தக் குழாயைப் பதித்ததே அவர்தான். தெரிந்த விஷயம் சமயத்தில் ஞாபகத்துக்கு வராமல் போவதைத்தான் கெட்ட வேளை என்கிறோம்.

அவர் கருவிப்பெட்டியோடு நிலவறைக்கு இறங்கினார். கீழே வழக்கத்தைவிட இருட்டாக இருந்தது. ஜன்னலில் வெளிச்சமே இல்லை. வானம் மூடிக் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டு வயர் வைத்த கைவிளக்கைத் தேடினார். டிரையருடையது போக அங்கே இருந்தது ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதில், வீட்டுக்குள் விஷவாயு சேர்ந்தால் கூவுகிற அலாரம் சொருகியிருந்தது. அதைப் பிடுங்கி அலமாரியில் பெயின்ட் டப்பாவுக்கு அருகில் வைத்தார். அந்த இடத்தில் விளக்கைச் சொருகினார். வேலை முடிந்ததும் மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தார்.

மகள் டானா அப்போதுதான் வந்தாள். ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை. ரோடு மூடியிருந்ததால் ஆஸ்பத்திரி வண்டியே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தது. பகலில் வெளிச்சம் படாமல் தூங்க வேண்டும் என்று நிலவறையிலேயே, டிரையருக்கு அடுத்த அறையில் அவள் படுக்கை.

"ஆபரேஷன் நடக்குதாப்பா? பேஷன்ட் பொழைப்பாரா?" என்று கொட்டாவி விட்டபடி கேட்டாள்.

"போடி. நீ ஊசி போடறதைவிட நான் சுத்தமாப் பண்ணுவேன். இந்தச் சத்தத்துல தூங்கிடுவியா?"

"டிரையர் சத்தம்தான் எனக்குத் தாலாட்டு. யூனிஃபார்ம் காஞ்சதும் எழுப்புப்பா. மறந்துடாதே."

"எழுப்பறேன், போ."

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். முப்பது வயது தாண்டிய பெண் என்றாலும் அவள் தூங்கப் போகும்போது அவர் குரல் தானாகத் தணிந்துவிடும். ஒரே மகள்.

நார்ப் முறைப்படிதான் போனார். அதில் குற்றம் சொல்ல முடியாது. கேஸில் எரிகிற டிரையர் அது. கேஸ் வால்வு திறந்திருக்கிறதா என்று பார்த்தார். திறந்திருந்தது. கீழ்த் தகட்டைக் கழற்றித் தரையோடு தரையாகப் படுத்து, பர்னரைப் பார்த்தபடி டிரையரை ஓடவிட்டார். பற்றவைக்கும் கம்பி பழுக்கவே இல்லை. அப்படியென்றால் கேஸ் மேல் தப்பில்லை, கரன்ட் அதுவரை வரவில்லை. பஞ்சு சேரும் வலையைப் பார்த்தார், சுத்தம். வெளியே போகும் குழாயை இலையுதிர் காலத்திலேயே துடைத்தாயிற்று. அதனால் அதை விட்டுவிட்டார். மல்டிமீட்டரின் முனைகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தவர், காற்று விசிறிக் கூட்டின் மேல் உட்கார்ந்திருந்த விரல்நுனி அளவு வெள்ளை ஃபியூஸில் நின்றார். முள் அசையவில்லை.

"ஆப்ட்டுக்கிட்டியா?" என்றார் அதைப் பார்த்து.

சூடு அளவுக்கு மீறினால் தன்னைத்தானே கொன்றுகொண்டு நெருப்பை அணைத்துவிடுகிற ஃபியூஸ் அது. செத்த ஃபியூஸைக் கையில் வைத்துக்கொண்டு, ஏன் செத்தாய் என்று ஒரு வார்த்தை அவர் கேட்டிருக்கலாம். எது கெட்டது என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஏன் கெட்டது என்பது மறந்துபோயிற்று. மாற்று ஃபியூஸ் வாங்கக் கடை இல்லை, ரோடு இல்லை. ஒரு துண்டுக் கம்பியை எடுத்து இரண்டு முனையையும் நேராக இணைத்தார். தொழிற்சாலையில் லைன் நிற்கக் கூடாது என்று எத்தனையோ தடவை செய்த காரியம்தான். ரோடு திறந்ததும் புது ஃபியூஸ் போட்டுவிடலாம்.

பொத்தானை அழுத்தினார். பற்றவைக்கும் கம்பி செக்கச்செவேலென்று பழுத்தது, குப்பென்று நெருப்பு பிடித்தது. நார்ப் கருவிகளைச் சேர்த்துக்கொண்டு, ஃபியூஸைக் குப்பையில் போட்டுவிட்டு, மகள் எழுந்து வந்தால் தட்டுத் தடுமாறக் கூடாதே என்று விளக்கை எரியவிட்டே படி ஏறினார். அலாரம் பெயின்ட் டப்பா பக்கத்திலேயே இருந்தது.

"ஆச்சா?" என்றாள் ஐரீன். உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள். தவக்கால வெள்ளி, கறி கிடையாது.

"வாசனை வரல உனக்கு?"

வந்தது. வெதுவெதுப்பான சோப்பு வாசனை படி வழியாக ஏறிச் சமையலறைக்கே வந்திருந்தது. அவ்வளவு வாசனை வீட்டுக்குள் ஏன் வர வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. ஜன்னல் கண்ணாடியெல்லாம் வியர்த்து வழிந்தது.

"நேத்து ராத்திரி துணி போட்டதுலேருந்து எனக்குத் தலை கனமாவே இருக்கு, நார்ப்."

"காபியைக் குறை."

"இப்ப இன்னும் ஜாஸ்தியா இருக்கு. இந்தத் துருவலைப் பார்த்தாலே வயித்தைப் புரட்டுது."

"பனிக்காலம்னா அப்படித்தான்."

டிரையர் ஒரு சுற்று முடித்துக் கூவியது. அவர் இறங்கிப் போய்ப் பார்த்தார். துணி சுடச்சுட இருந்தது, ஆனால் ஈரம் அப்படியே. இவ்வளவு சூட்டில் ஈரம் எங்கே போகாமல் நிற்கிறது? அதையும் அவர் கேட்கவில்லை. யூனிஃபார்மைப் பிழிந்து பார்த்து, இன்னும் காயவில்லை, பாவம் தூங்கட்டும் என்று மறுபடி ஓடவிட்டார். மகளின் அறைக் கதவருகே ஒரு கணம் நின்றார். சத்தமே இல்லை. நல்ல தூக்கம் என்று நினைத்துக்கொண்டார். படி ஏறும்போது முழங்கால் துவண்டது. அதற்கும் வயதைத்தான் காரணம் சொன்னார்.

அதற்குப் பிறகும் ஒரு சுற்று ஓடியது.

மத்தியானம் பனி மறுபடி தூற ஆரம்பித்தது. நார்ப் கோட்டை மாட்டிக்கொண்டு பாதையைப் பார்க்க வெளியே வந்தார். குளிர்காற்று முகத்தில் அறைந்ததும் தலை சற்றுத் தெளிந்தது. கார்மைன் தன் பக்கம் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"யோவ் நார்ப்! என்னய்யா, உங்க வீட்ல துணி துவைக்கறதையே விட்டுட்டீங்களா?"

"ஏன், அதுலயும் உனக்குப் பொறாமையா?"

"இல்லய்யா. வருஷா வருஷம் உங்க டிரையர் ஆவி என் பக்கம்தான் வரும். அது உறைஞ்சு வழுக்கி என் இடுப்பு போனது உனக்கே தெரியும். இன்னிக்கு அதைக் காணோமேன்னு கேட்டேன்."

"காலையிலேருந்து ஓடிக்கிட்டுத்தான்யா இருக்கு. நானே சரி பண்ணேன்."

"ஓடுதா?" கார்மைன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவர் சுவரைப் பார்த்தார். "அப்போ அந்த ஆவியெல்லாம் எங்கய்யா போகுது?"

நார்ப் திரும்பினார். தெரு நெடுக ஒவ்வொரு வீட்டின் பக்கச் சுவரும் குளிரில் மாடு மூச்சு விடுவதுபோல வெள்ளையாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவர் சுவரில் மட்டும் பனிமேடு அசையாமல் நின்றது. அவரே குவித்த மேடு. குழாய் அதற்குள் எங்கேயோ இருந்தது.

"டானா," என்றார். "டானா கீழே தூங்கறா."

கார்மைன் மண்வெட்டியைப் போட்டார். நார்ப் ஓட, அவரும் பின்னாலேயே ஓடினார். சமையலறையில் ஐரீன் மேஜையில் தலை சாய்த்துக் கிடந்தாள். "வெளிய போ! ஐரீன், எழுந்து வெளிய போ!" என்று நார்ப் கத்தினார். அவள் கண் திறந்து விழித்தாள், நகரவில்லை. கார்மைன் அவளைத் தோளோடு அணைத்து வாசலுக்கு இழுத்துப் போய், ஃபோனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

நிலவறை கதகதவென்று இருந்தது. டிரையர் தன் பாட்டுக்குத் தாலாட்டிக்கொண்டிருந்தது. நார்ப் அதன் கதவைப் பிடித்து இழுத்தார், அது நின்றது. அறைக் கதவைத் தள்ளினார். மகள் போர்வையைக் கன்னத்துக்கு அடியில் வைத்து, சின்ன வயதில் படுப்பது போலவே படுத்திருந்தாள்.

"டானா, காஞ்சிடுச்சு. எழுந்திரு. யூனிஃபார்ம் காஞ்சிடுச்சும்மா."

தோளைப் பிடித்து உலுக்கினார். தலை துவண்டு ஒரு பக்கம் சாய்ந்தது. கன்னத்தில் அறைந்தார். பிறந்ததிலிருந்து அவளை அவர் அடித்ததே இல்லை. "காஞ்சிடுச்சுடா, எழுந்திரு!" என்று மறுபடி அறைந்தார். அவள் எழவில்லை. அக்குளில் கை கொடுத்து இழுத்துப் படியருகே வந்தபோது அவர் கால்களும் மடிந்தன. அப்போது மேலேயிருந்து கார்மைன் விழுந்தடித்துக்கொண்டு வந்து அவளைப் பற்றினார். இடுப்பு போன மனிதர் எப்படி அவளைத் தூக்கினார் என்று அவருக்கே பிறகு சொல்லத் தெரியவில்லை.

பனியில், வெறுங்காலோடு, கார்மைனின் கோட்டுக்குள் அவளைச் சுருட்டிக் கிடத்தினார்கள். ஐரீன் நடுங்கியபடி மகளின் பாதங்களைத் தன் ஸ்வெட்டருக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள். தெருமுனையில் சைரன் கேட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் அவள் முகத்தில் ஆக்சிஜன் மாட்டினார்கள்.

தீயணைப்பு வீரர் ஒருவர் மீட்டரோடு கீழே போய்விட்டு வந்தார். ஒரு கையில் அலாரம், மறு கையில் அந்தத் துண்டுக் கம்பி.

"இதை யார் போட்டது?"

"நான்தான்," என்றார் நார்ப்.

"ஃபியூஸ் செத்தது நெருப்பை நிறுத்தத்தான் சார். நேத்து ராத்திரியே அது தன் வேலையைப் பார்த்திடுச்சு." அவர் கேஸை மூடப் போனார்.

ஆம்புலன்ஸ் கதவு மூடப்படும் முன் டானாவின் இமை துடித்தது. கண் பாதி திறந்து அப்பாவைத் தேடிப் பிடித்தது. முகமூடிக்குள்ளிருந்து ஏதோ சொன்னாள். நார்ப் காதைக் கொண்டுபோனார்.

"எழுப்பச் சொன்னேனேப்பா... ஏன் எழுப்பல?"

"எழுப்பினேம்மா," என்றார் நார்ப். உதடு கோணிக்கொண்டு வந்தது. "எழுப்பினேன். நீ எழுந்திரிக்கல."