எட்டாவது ஆணி

அந்த அளவெடுப்புக்கு இரண்டு பேர் வேண்டும். ஒரே ஆளால் முடிந்திருந்தால் முரளி அண்ணன் அன்று வீட்டை விட்டு இறங்கியிருக்க மாட்டான்.

நான் அப்போது ஃபவுண்டேஷன் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அதில் தேறினால் மலேசியாவில் இயற்கைப் புவியியல் பட்டப்படிப்புக்கு இடம் கிடைக்கும். மதிப்பெண்ணில் பாதி கள ஆய்வுக்கு. பர்மாவின் இன்சீனில் ரயில்வே பணிமனைச் சுவருக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்துதான் நான் எடுத்துக்கொண்ட களம். மழைக்காலத்தில் எங்கள் சந்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அடுத்த சந்தில் நிற்காது. அது ஏன் என்று காட்ட, தரை எங்கே எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும்.

கருவி வாங்க வழியில்லை. டைல்ஸ் போடும் வேலை பார்த்த அண்ணனிடம் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் இருபது மீட்டர் இருந்தது. அதில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் கோடு போட்ட இரண்டு குச்சிகளில் பிடித்தால் தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். இரண்டு எண்களின் வித்தியாசம்தான் தரையின் ஏற்ற இறக்கம். ஒவ்வோர் இடத்திலும் ஆணி அடித்து, அதன் மேல் அளந்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். கடைசியில் வேறு வழியாகச் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். எல்லாம் சரியென்றால் கூட்டிக் கழித்தால் பூஜ்யம் வரும். எங்கள் சயாமா, அதாவது ஆசிரியை, இதில் கறார். திரும்பி வந்து முடிக்காத அளவைத் தொடக்கூட மாட்டேன் என்று சொல்லியிருந்தார்.

மே மாதம் வார்டில் சீட்டுக் குலுக்கியபோது கட்டாயப் பட்டாளச் சேவைக்கு வந்த பெயர்களில் அண்ணனுடையதும் ஒன்று. அவன் போகவில்லை. நான்கு மாதமாகப் பின்னறையிலேயே இருந்தான். கேட்டவர்களிடம், பெகுவில் வேலைக்குப் போயிருக்கிறான் என்று அம்மா சொல்லிவந்தாள்.

முதலில் ஒரு முனையைச் செங்கலில் கட்டி நானே பார்த்தேன். சரிந்து தண்ணீர் கொட்டியது. அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அவ்வளவு சின்னக் கோடு என் கண்ணுக்குத் தெரியாதுடி பாமா."

பின்னறையிலிருந்து குரல் வந்தது. "குழாய் யாருது? என்னுது. அப்ப ஆளும் நான்தான்."

"நாலு மாசம் உன்னைப் பொத்தி வச்சது இதுக்குத்தானாடா?"

"ஞாயித்துக்கிழமைம்மா. வார்டு ஆபீஸ் பூட்டியிருக்கும். ஆறு மணிக்கு இறங்கினா எட்டுக்குள்ள வந்துடுவோம்."

அம்மா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சமர்ப்பிக்க ஐந்து நாள்தான் இருந்தது. சொல்லவில்லை.

சந்து முனையில் இருக்கும் மதகின் மேல்படியிலிருந்து தொடங்கினோம். அண்ணன் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு முன்னால் போனான். நான் பின்முனை. வெளிக்காற்று பட்டதும் அவனுக்கு வாய் நிற்கவில்லை.

"அண்ணே, குழாயை ஆட்டாதே."

"நீ பிறக்கிறதுக்கு முன்னாலேயே குழாய் பிடிச்சவன்டி நான்."

"உனக்கும் எனக்கும் நாலு வயசுதான் வித்தியாசம்."

"அந்த நாலு வயசுலதான் பிடிச்சேன்."

ஐந்தாவது ஆணி சாக்கடை ஓரம். அதுதான் மிகவும் தாழ்ந்த இடம்; மதகைவிட ஒன்றரை அடி கீழே. என் கேள்விக்கு விடை அங்கேயே கிடைத்துவிட்டது. திரும்பும் வழிதான் பாக்கி. ஏழாவது ஆணியில் குழாய்க்குள் காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டது. அதை வெளியேற்ற முக்கால் மணி நேரம் போயிற்று. அடுத்த திருப்பம் பெரிய தெரு. எதிரெதிரே கருப்பையா டீக்கடையும் வார்டு ஆபீசும்.

அண்ணன் நின்றான். "பாமா, இன்னும் நாலுதானே? வீட்ல உக்காந்து எழுதிப் போட்டுடு. கடைசியில பூஜ்யம் வர்ற மாதிரி நம்பர் நான் தர்றேன். நாங்க சைட்ல வாரம் ஒரு தடவை இதைத்தான் செய்யறோம்."

"பொய்க்கணக்கா?"

"யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்ல."

அவன் சிரித்தான். "சரி புரொபசர், நட."

டீக்கடை ஓரத்தில் எட்டாவது ஆணியை அடித்துவிட்டு அவன் குச்சியை அதன் மேல் நிறுத்தினான். நான் தெருத் திருப்பத்தில், ஏழாவது ஆணியில் இருந்தேன். ஆபீஸ் கதவு திறந்திருந்ததை அங்கிருந்து நான் பார்க்கவில்லை. அன்று ஏதோ கூட்டமாம்.

கருப்பையா அண்ணாச்சி கடைக்குள்ளிருந்து கூப்பிட்டார். "முரளி, உள்ள வந்து டீ குடி."

"இருங்க அண்ணாச்சி, தங்கச்சி வேலை."

"டேய், இப்பவே உள்ள வாடா."

அவர் குரல் மாறியிருந்தது. அது என் காதிலும் விழுந்தது. ஆனால் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது; அது நின்றால்தான் எண்ணைப் படிக்க முடியும்.

"அண்ணே, அசையாதே. ஒரே நிமிஷம்" என்றேன்.

அவன் அசையவில்லை.

நான் என் எண்ணை எழுதிவிட்டு நிமிர்ந்தபோது அவனைச் சுற்றி மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் ஆபீஸ் எழுத்தர். சிறு வயதிலிருந்தே எங்களைத் தெரிந்தவர். "கோ முரளிதானே?" என்று பர்மிய மொழியில், 'கோ' என்ற அண்ணன் முறையோடு, தணிந்த குரலில் கேட்டார். அண்ணன் ஆமாம் என்றான். இன்னொருவர் அவன் கையைப் பிடித்தார். அவன் குனிந்து குச்சியைப் பார்த்தான்.

"நூத்திப் பதினெட்டு" என்று என்னை நோக்கிக் கத்தினான். "எழுதிக்கோ. குழாயை மெதுவா கீழ வை, காத்துப் பூந்துடும்."

நான் எழுதினேன். பிறகுதான் ஓடினேன். அதற்குள் ஆபீஸ் கதவை மூடிவிட்டார்கள்.

அந்த வாரம் நான் எதையும் கொடுக்கவில்லை. சயாமா ஜனவரி வரை அவகாசம் வாங்கித் தந்தார். அண்ணன் பட்டாளத்திலிருந்து இரண்டு முறை போனில் பேசினான். இரண்டாம் முறை, "முடிச்சியா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "சோம்பேறி" என்றான். டிசம்பரில் வேறு யாரோ போன் செய்து அவன் இறந்துவிட்டதாகச் சொன்னார். இடத்தின் பெயர் கேட்டேன், தெளிவாகச் சொல்லவில்லை. உடல் வரவில்லை.

எனக்கும் அம்மாவுக்கும் இடையே பேச்சு குறைந்துபோயிருந்தது. அவள் ஒருநாளும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சோற்றைப் போட்டுத் தட்டை என் பக்கம் தள்ளுவாள், அவ்வளவுதான்.

ஜனவரி இரண்டாம் ஞாயிறு, சந்தைக்குப் போகாமல் கட்டிலுக்கு அடியிலிருந்து குழாயை இழுத்துப் போட்டாள்.

"இன்னும் எத்தனை இருக்கு?"

"மூணு. வேணாம்மா. நான் அந்தப் படிப்புக்கே போகல."

"அவன் எட்டு பண்ணிட்டான்ல? வா."

டீக்கடை ஓரத்தில் ஆணி துருப்பிடித்து, அப்படியே இருந்தது. கருப்பையா அண்ணாச்சி எழுந்து வந்து அதன் மேலிருந்த மண்ணைக் காலால் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டார். ஆபீஸ் வாசலில் இரண்டு பேர் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஒன்பதாவது ஆணியின் மேல் குச்சியை நிறுத்தி, தண்ணீர் நின்ற இடத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"நம்பர் எனக்குத் தெரியாது. நீ வந்து பாத்துக்கோ. அதுவரைக்கும் விரலை எடுக்க மாட்டேன்."

ஒவ்வொரு ஆணிக்கும் நான் இந்த முனையைப் படித்துவிட்டு, நடந்து போய் அவள் நகத்துக்குக் கீழே இருந்த எண்ணைப் படித்தேன். மூன்றாவது இடம், தொடங்கிய அதே மதகின் மேல்படி.

கூட்டிக் கழித்தால் ஒன்பது மில்லிமீட்டர் இடித்தது. பூஜ்யம் வரவில்லை. சயாமா அனுமதிக்கும் எல்லை பத்து.

அறிக்கையில் பிழைக்கான காரணங்கள் என்று ஒரு பகுதி உண்டு. அதில் இப்படி எழுதிக் கொடுத்தேன்: எட்டாவது ஆணிக்கும் ஒன்பதாவது ஆணிக்கும் நடுவே நான்கு மாத இடைவெளி. மறுமுனையைப் பிடித்தவர் மாறினார். எட்டாவது அளவின்போது அசைய வேண்டாம் என்று நான் சொன்னேன், அவர் அசையவில்லை. அந்த அளவில் பிழை இல்லை.