ராசாவுக்கு மூன்று புள்ளி

நத்தாருக்கு, கிறிஸ்து பிறப்புக்கு, கொழும்பிலிருந்து வந்த மக்டலின் மாமி, வந்த அன்றே என்னைக் கேட்டுவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. அப்பாவிடம் என்னைக் கேட்டார்.

"தம்பி, உன்ட புள்ளைய எனக்குத் தா. பள்ளிக்கூடத்தையும் விட்டுப் போட்டு வீட்டில சும்மாதானே இரிக்காள். என்ட ரெண்டு பொடியளையும் பாத்துக்கொண்டு இரிக்கட்டும். நான் மகள் மாதிரி வெச்சிப் பாப்பன்."

அப்பா, "பாப்பம் அக்கா" என்றார். மாமி அப்பாவுக்கு ஒரே அக்கா. சின்ன வயதில் தாய் இறந்தபோது அப்பாவைத் தூக்கி வளர்த்தவர். அவரிடம் 'இல்லை' என்று அப்பா சொல்லி நான் கேட்டதில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. அப்பா தேற்றாத்தீவு வாவியில் இறாலுக்கு வலை வீசுகிறவர். அவருடைய வலைகளில் கிழிந்த கண்களைக் கட்டுவது நான்தான். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். அதனால் எட்டாம் வகுப்போடு நின்றேன். வலை கட்டுவதற்குத் தொண்டை தேவையில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் இரண்டு கிழமை, பதினாலு நாள், கொழும்பு கொட்டாஞ்சேனையில் மாமி வீட்டில் நின்றிருக்கிறேன். ஒரு நாள் பாண் வாங்கப் பேக்கரிக் கடைக்கு அனுப்பினார். கடைக்காரன் சிங்களத்தில் ஏதோ கேட்டான். எனக்கு விளங்கவில்லை. பின்னால் நின்றவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். எல்லாரும் வாங்கிப் போனார்கள், பாண் முடிந்துவிட்டது. வெறுங்கையோடு திரும்பினேன். மாமி அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தார். இரவில் குசினி அடுப்புக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தேன். அந்த இரண்டு கிழமையும் எப்போது ஊருக்குத் திரும்பும் கோச்சி ஏறுவேன் என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். இதை அப்பாவுக்கு நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

நத்தார் முடிந்து மூன்றாம் நாள் விடாத மழை. யாரும் வெளியே போகவில்லை. மாமியின் மகன்கள் இரண்டு பேரும் விறாந்தையில் மழைத்தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். மாமியின் கணவர் பேர்னாட் மாமாவுக்குச் சும்மா இருக்க ஏலாது. அவர் கொழும்புத் துறைமுகத்தில் சரக்குக் கிட்டங்கியில் கிளாக்கர். கப்பல்காரரிடம் படித்த ஒரு சீட்டுக் கடுதாசி விளையாட்டை எங்களுக்குக் காட்டப் போவதாகச் சொன்னார். பெயர் போக்கர்.

கடுதாசி எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. அப்பாவும் அம்மாவும் அடுத்த வளவுத் தபால்காரர் வினாயகமூர்த்தியரும் மழைக்காலம் முழுக்க முந்நூற்றிநாலு என்ற ஆட்டம் அடிப்பார்கள். அதில் எல்லாவற்றுக்கும் மேலே ஜாக். எங்கள் வீட்டில் அதை வீரன் என்போம். வீரனுக்கு முப்பது புள்ளி, ஒன்பதுக்கு இருபது. அதற்குப் பிறகுதான் ஏஸும் பத்தும். ராசாவுக்கு வெறும் மூன்று, ராணிக்கு இரண்டு. இரண்டு முதல் ஆறு வரையுள்ள கடுதாசிகளுக்கு வேலையே இல்லை. அவை ஒரு பிஸ்கற் தகரத்தில் கிடக்கும்.

மாமா அந்தத் தகரத்தைத் திறந்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தார். என்னைப் பார்த்து, "புள்ள, உன்ட எழுத்து நல்ல எழுத்து. நான் சொல்லச் சொல்ல எழுது" என்றார். பழைய கலண்டர்த் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினேன்.

"முதல்ல பெயர்" என்றார் மாமா.

"ஆர்ட பேர்? என்டதா? வினாயகமூர்த்தி. நாப்பது வருசமா ஊருக்கெல்லாம் பேர் பாத்துக் காயிதம் குடுக்கிறன், என்ட பேர் தெரியாதா உங்களுக்கு?" என்றார் தபால்காரர்.

"அது இல்ல ஐயா. பெயர் எண்டா இங்கிலீசில சோடி. ஒரே மாதிரி ரெண்டு கடுதாசி."

"அப்ப சோடி எண்டு சொல்லுங்களன்."

ஆகவே சோடி என்றே எழுதினேன். ஒவ்வொருவருக்கும் ஐந்து கடுதாசி. பிடிக்காதவற்றை ஒருமுறை போட்டுவிட்டு வேறு எடுக்கலாம். கையில் ஒன்றோடொன்று சேராமல் கிடந்தால் அது மிகச் சின்னக் கை. அதற்கு மேலே சோடி. அதற்கு மேலே இரண்டு சோடி. அதற்கு மேலே ஒரே மாதிரி மூன்று.

அப்பா அங்கே மறித்தார். "ரெண்டு சோடி எண்டா நாலு கடுதாசி சேருது அத்தான். மூண்டு சேர்ந்தது எப்பிடி அத வெல்லும்?"

"எது வாறது கஷ்டமோ அது பெரிசு, மச்சான். எண்ணிக்கை இல்ல."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "ஓ, வலையில சின்ன மணலை நாலு விழுறதும் பெரிய கொடுவா ஒண்டு விழுறதும் மாதிரி" என்றார். அதன் பிறகு அவர் எதையும் மறிக்கவில்லை.

மூன்றுக்கு மேலே வரிசை: ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று தொடர்ந்து ஐந்து. அதற்கு மேலே ஐந்தும் ஒரே சாதி, எல்லாம் சிவப்பு ஆட்டின் அல்லது எல்லாம் கறுப்பு ஸ்கோப்பன். அதற்கு மேலே மூன்றும் ஒரு சோடியும் ஒரே கையில். அதற்கு ஆங்கிலத்தில் 'ஃபுல் ஹவுஸ்' என்று சொல்லி, வீடு நிறைந்தது என்று மாமா விளக்கினார்.

"அது நத்தாருக்கு எங்கட வீடு" என்றார் அம்மா. மாமி சிரிக்கவில்லை.

அதற்கும் மேலே ஒரே மாதிரி நாலு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரே சாதியில் தொடர்ந்து வரும் வரிசை. "அதிலயும் பெரியது பத்து, ஜாக், ராணி, ராசா, ஏஸ். ஒரு மனிசன்ட சீவியத்தில ஒருக்காவும் வராது" என்றார் மாமா. அதையும் எழுதினேன். இரண்டு பேருக்கும் சோடி வந்தால்? "பெரிய சோடி வெல்லும்." எழுதினேன். எது பெரியது என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் அது தெரிந்த விஷயமாக இருந்தது.

காலை முழுக்கப் புளியங்கொட்டை வைத்து விளையாடினார்கள். அம்மா வென்றுகொண்டே இருந்தார். மாமாவுக்கு ஆச்சரியம். "பீற்றிஸ், நீங்க எங்க படிச்ச?" என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் அவரே கண்டுபிடித்துவிட்டார். முந்நூற்றிநாலு அடித்த கடுதாசிகளின் முதுகெல்லாம் ஊத்தை பிடித்திருந்தது. தகரத்தில் கிடந்தவை புதிது போல வெள்ளையாக இருந்தன. யாருடைய கையில் சின்னக் கடுதாசி எத்தனை என்று முதுகைப் பார்த்தே அம்மா எண்ணிக்கொண்டிருந்தார்.

"அடேயப்பா! கப்பல்காரனெல்லாம் இவட காலில விழோணும்" என்று மாமா தன் பெட்டியிலிருந்து புதுக் கட்டு ஒன்றை எடுத்துவந்தார்.

புதுக் கட்டில் விளையாடும்போது ஒன்று நடந்தது. மாமா சுருட்டுப் பற்றவைக்க விறாந்தைப் பக்கம் போயிருந்தார். அம்மாவிடம் ஒன்பதுச் சோடி. தபால்காரரிடம் ராணிச் சோடி. அம்மா கொட்டைகளை வாரிக்கொண்டார். தபால்காரர், "ஒன்பதுக்கு ராணி என்ன செய்யும்" என்று கொடுத்துவிட்டார். எனக்கு உடனே நான் எழுதிய மிகப் பெரிய கையின் வரி நினைவுக்கு வந்தது. பத்து, ஜாக், ராணி, ராசா, ஏஸ். இந்த விளையாட்டில் பெரியது வேறு. இவர்கள் முந்நூற்றிநாலுக் கண்ணோடு விளையாடுகிறார்கள். அப்போதே சொல்லியிருக்கலாம். எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

தேத்தண்ணி வேளைக்கு மாமி திரும்பவும் தொடங்கினார். "தம்பி, திங்கக்கிழமை நாங்க போறம். புள்ளட உடுப்ப அடுக்கச் சொல்லன்."

"பாப்பம் அக்கா."

"வந்த நாளில இருந்து பாக்கிறாய். எதைப் பாக்கிறாய்?"

அப்பா கையிலிருந்த கடுதாசிகளைச் சீராக அடுக்கினார்.  பேர்னாட் மாமாவுக்கு இந்தப் பேச்சு அலுத்துப்போயிருந்தது. "விடு மக்டலின். இத இப்பிடிச் செய்வம். மச்சான், இந்தக் கை உனக்கும் எனக்கும். நீ வெண்டா இந்தக் கதைய நாங்க மறுகா எடுக்கிறல்ல. நான் வெண்டா புள்ள திங்கக்கிழமை எங்களோட கோச்சியில. சரியா?"

மாமா விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அப்பா உடனே, "சரி" என்றார். அவ்வளவு கெதியாக அவர் எதற்கும் சரி சொன்னதில்லை. எனக்கு விளங்கியது. கடுதாசி வென்றால் அக்காவுக்கு அவர் இல்லை என்று சொல்லத் தேவையில்லை; கடுதாசி சொல்லிவிடும்.

அம்மா, "என்ன மனிசன் நீங்க!" என்றார். அதற்குள் மாமா இருவருக்கும் ஐந்து ஐந்தாகக் கடுதாசி போட்டுவிட்டார்.

நான் அப்பாவுக்குப் பின்னால் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றேன். அவர் கையில் இரண்டு வீரன், இரண்டு ஒன்பது, ஒரு நாலு. நாலைப் போட்டுவிட்டு ஒன்று எடுத்தார், ஏழு வந்தது. அது ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அப்பாவின் தோள் இறங்கி இலேசானதைப் பார்த்தேன். வீரனும் ஒன்பதும் சோடி சோடியாக வந்தால் எங்கள் வீட்டில் அதற்கு மேலே கை கிடையாது.

மாமாவும் ஒன்று எடுத்தார்.

"விரி மச்சான்."

அப்பா விரித்தார். அம்மா கைதட்டினார். தபால்காரர் மேசையில் அடித்து, "முடிஞ்சுது! இராயப்பு வெண்டான்" என்றார்.

மாமா தன்னுடையதை விரித்தார். இரண்டு ராசா, இரண்டு மூன்று, ஒரு எட்டு. "எப்பிடி வெண்டான்? என்னட்ட ராசாச் சோடி."

"ராசாவா?" அப்பா சிரித்தார். "ராசாவ வெச்சி என்ன செய்யிற அத்தான்? இது வீரன்."

"ஜாக் ராசாவுக்குக் கீழ, மச்சான்."

"எந்த ஊரில?"

"உலகத்தில!"

"எங்கட ஊரில ராசாவுக்கு மூண்டு புள்ளிதான்" என்றார் தபால்காரர். "வீரன் எண்டா சேவகன், அவன்தான் வேலை செய்யிறவன். ராசா என்ன செய்யிறார், கதிரையில இரிக்கார்."

"ஐயா, அது முந்நூற்றிநாலு. இது போக்கர்."

"தோத்துப் போட்டுச் சட்டம் கதைக்கிறாங்க" என்றார் மாமி. "தம்பி, சொன்ன சொல்லு சொல்லுத்தான்."

"ஆரு தோத்த? அத்தான் காலையில சொன்னாரா ராசா பெரிசு எண்டு? சொல்லல்லயே! காலையில ஒன்பது ராணிய வெண்டது. ஆரும் ஒண்டும் சொல்லல்ல. இப்ப எண்டா மட்டும்?"

அப்பாவின் குரல் ஏறிவிட்டது. மாமாவின் முகமும் சிவந்தது. விளையாட்டு விளையாட்டாக இல்லை. மாமா கலண்டர்த் தாளை இழுத்துப் பார்த்தார். 'பெரிய சோடி வெல்லும்' என்ற வரியில் விரலை வைத்தார். அதில் எது பெரியது என்று இல்லை.

"எழுதினது புள்ள. புள்ளையக் கேளுங்க" என்றார்.

ஐந்து பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

தெரியாது என்று தலையை ஆட்டினால் போதும். அப்பா பக்கம் மூன்று பேர், மாமா பக்கம் இரண்டு; அப்பா வென்றிருப்பார். அப்பா என்னைப் பார்த்த பார்வையிலும் அதுதான் இருந்தது. ஆனால் நான் எழுதியது கண்ணுக்கு முன்னால் கிடந்தது. பேசாமல் இருந்ததால்தான் இவ்வளவு தூரம் வந்தது என்பதும் எனக்குத் தெரியும். கோப்பையை மேசையில் வைத்தேன். 

"மாமாதான் வெண்டது" என்றேன். மாமா விரல் வைத்த வரிக்கு மேல் வரியைக் காட்டினேன். "பத்து, ஜாக், ராணி, ராசா, ஏஸ். இதில ராசா ஜாக்குக்கு மேல. காலையில அம்மாட ஒன்பதும் வெல்லல்ல. நான் கண்டன். சொல்லல்ல."

தபால்காரர் தாளை வாங்கி மூக்குக்கண்ணாடியை உயர்த்தி வாசித்தார். "ஓம்" என்றார். அவ்வளவுதான். அப்பா கடுதாசிகளைக் கவிழ்த்து வைத்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலவில்லை.

"அப்ப சரி" என்றார் மாமி. "உடுப்ப அடுக்கு புள்ள."

"நான் வரல்ல மாமி."

"என்ன?"

 சொல்லத் தொடங்கியாயிற்று. "நான் கொழும்புக்கு வரல்ல. கடுதாசியில தோத்தது அப்பா. நான் விளையாடல்ல."

  மாமா சிரித்துவிட்டார். "ஞாயம்தானே மக்டலின். கையில கடுதாசி இல்லாதவள்ட்ட என்னெண்டு வெல்லுற?"

மாமி அவரைப் பார்க்கவேயில்லை. அப்பாவைப் பார்த்தார். "நீ சொல்லு தம்பி. உன்னத் தூக்கி வளத்தவள் நான். நீ சொல்லு."

அப்பா கவிழ்த்த கடுதாசிகளை மாமாவின் பக்கம் தள்ளி வைத்தார். நான் அங்கேயே நின்றேன்.

"அவள் வரல்லயாம் அக்கா" என்றார். அது போதாது என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். தலையை நிமிர்த்தினார். "எனக்கும் அனுப்ப மனமில்ல. முதலே சொல்லியிருக்கோணும்."

மாமி எழுந்து அறைக்குள் போனார். அன்று இரவு சாப்பிட வரவில்லை. அம்மா இரண்டு தரம் போய்க் கூப்பிட்டார்.

திங்கட்கிழமை மழை விட்டிருந்தது. அப்பா அவர்களுடைய பெட்டிகளைச் சுமந்து, ரயிலடிக்குப் போகும் பஸ் தரிப்பிடம் வரை போனார். நானும் பின்னால் போனேன். பஸ் வரும்வரை மாமி என்னோடு கதைக்கவில்லை. ஏறும்போது மட்டும் திரும்பி, "உனக்கு வாய் இரிக்கெண்டு தெரிஞ்சிருந்தா உன்னட்டயே கேட்டிருப்பன்" என்றார். கோபத்தில் சொன்னாரா வேறு எப்படிச் சொன்னாரா என்று எனக்கு இன்றும் தெரியாது.

அடுத்த நத்தார் வரை கொழும்பிலிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. உயிர்த்த ஞாயிறுக்கு அப்பா எழுதியதற்கும் பதில் இல்லை. வினாயகமூர்த்தியர் எங்கள் வாசல் படலையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அப்பா வலையை விட்டு நிமிர்ந்து பார்ப்பார். தபால்காரர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். அந்த ஒரு வருடத்தில் அப்பா ஒரு நாளாவது என்னைக் குறை சொன்னதில்லை. கிழிந்த வலையை என் மடியில் போட்டு, எங்கே கிழிந்தது என்று காட்டிவிட்டு, பக்கத்தில் இருந்து மற்ற முனையைப் பிடித்துக்கொள்வார்.