சாளை முடிவு செய்த பசுமைச் சான்று

ஹசன் ஒன்று என்று சொல்லிவிட்டால் ஒன்றுதான். பார்வதிபுரத்தில் அவர் எழுப்பப்போகும் பன்னிரண்டு மாடிக் கட்டடத்துக்கு வாசல் ஒன்று, பெயர் ஒன்று, மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்குத் தருகிற, வாசலில் பதிக்கிற பசுமைக் கட்டடச் சான்றும் ஒன்றே ஒன்று. கீழே ஜவுளிக்கடை, நடுவில் அலுவலகங்கள், மேலே வீடுகள் என்று எத்தனை விதமாக இருந்தால் என்ன? ஷார்ஜாவில் அவர் வேலை பார்த்த கட்டடம் அப்படித்தான் இருந்தது. மேலிருந்து கீழ்வரை கண்ணாடி, உள்ளே ஒரே ஏசி, சன்னலைத் திறக்கிற பேச்சே கிடையாது. சன்னலைத் திறந்துபோட்டு வாழ்வது கையில் காசில்லாதவன் செய்கிற காரியம் என்று வளைகுடா அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. ஆடிக் காற்று ஆளையே தள்ளிக்கொண்டு போகிற ஊருக்குத் திரும்பி வந்தும் அந்தப் பாடம் மறக்கவில்லை பாருங்கள்!

"மாமா, நீங்க சொல்லுத மாதிரி ஒண்ணாவும் வாங்கலாம், இல்லன்னு சொல்லல," என்றாள் ஜெப்சி. சான்று வாங்கித் தரும் ஆலோசகர் அவள். ஹசனின் மகள் அஃப்னாவோடு ஒரே பெஞ்சில் இருந்து படித்தவள், அதனால் அவளுக்கு அவர் சார் இல்லை, மாமாதான். "ஆனா கடைக்கும் ஆபீஸுக்கும் ஒரு சான்று, வீடுகளுக்குத் தனியா ஒரு சான்றுன்னு பிரிச்சா வீட்ட வீட்டு விதிப்படி அளப்பாவ, தொறக்கிற சன்னல் வைக்கலாம். காத்துக்கும் வெளிச்சத்துக்குமே மார்க்கு கிடைக்கும். எல்லாத்தையும் அடைச்சு ஒரே ஏசி போட்டா கரண்டு தின்னு தீத்துரும்."

"ஒரு புள்ளைக்கு ரெண்டு பேரு வைப்பாவளா மக்கா? இருக்கதுலயே ஒசந்த தரம், பிளாட்டினம் ஒண்ணு வாங்கு. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

அலுவலகத்தில் இந்தப் பிடிவாதம் செல்லும். இப்போது குடியிருக்கிற கோட்டாற்று வீட்டில் செல்லவில்லை. வரைபடத்தைப் பார்த்த மனைவி சுலைகா பீவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "தொறக்க முடியாத வீட்டுக்கு நான் வரமாட்டேன். நீங்க போய் இரிங்க. வெள்ளிக்கிழமைக்கு வந்து என்னப் பாத்துட்டுப் போங்க."

ஹசன் சிரித்து மழுப்பினார். இளமை முழுக்க ஷார்ஜாவில் அடுக்குக் கட்டிலில் படுத்து, மனைவியின் குரலைத் தொலைபேசியில் மட்டும் கேட்டவர் அவர். மேல்மாடியில் தனக்கென்று வைத்திருந்த வீடு, காலையில் அவளோடு உட்கார்ந்து சாயா குடிப்பதற்காகத்தான். வெட்கத்தில் இதை அவளிடம்கூடச் சொன்னதில்லை. அவள் வராவிட்டால் பன்னிரண்டு மாடி எதற்கு, பாழாய்ப்போன பிளாட்டினம் எதற்கு!

சான்றை முடிவுசெய்கிற கூட்டம் கட்டட மனையிலேயே நடந்தது. அங்கே ஒரு மாதிரி வீடும், அதை ஒட்டிக் கூட்ட அறையும் கட்டியிருந்தார்கள். ஒரே ஏசியின் பெருமையைக் காட்டுவதற்காக இரண்டையும் ஒரே குழாயில் இணைக்கச் சொன்னவர் சாட்சாத் ஹசன்தான். அந்தக் குளிர்ச்சியையும் பளபளப்பையும் பார்த்தால் சுலைகா இளகிவிடுவாள் என்று நம்பி அவளையும் வரச்சொல்லியிருந்தார். அவள் ஒரு கட்டைப்பையோடு வந்தாள். பையில் என்ன என்று கேட்கிற புத்தி யாருக்கும் வரவில்லை.

கூட்ட அறையில் ஹசனின் தொழில் கூட்டாளி பொன்னுலிங்கம் தலையாட்டிக்கொண்டிருந்தார். கீழ்த் தளங்களில் ஜவுளிக்கடை வைக்கப்போகிறவர், முட்டைகூடத் தொடாதவர். "ஹசன் சொல்லுதது சரிதான். ஒண்ணே போதும். ரெண்டு வச்சா பாக்கிறவனுக்குக் குழப்பம்..." என்றவர் பாதியில் நிறுத்தி மூக்கை உறிஞ்சினார். மறுபடியும் உறிஞ்சினார். ஏசிக் குழாய் வழியாக மிளகாய், மஞ்சள், தேங்காயெண்ணெய் எல்லாம் சேர்ந்த மணம் ஜம்மென்று இறங்கிக்கொண்டிருந்தது.

"என்ன ஓய் இது?" என்று துண்டால் மூக்கைப் பொத்தினார். ஜெப்சி சிரிப்பை மறைக்க மேசைக்கடியில் பேனாவைத் தேடினாள்.

மாதிரி வீட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே ஒரே புகை. புத்தம் புது அடுக்களையில் சுலைகா பீவி சாளை மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க, வாங்க. அங்கேயும் மணம் வந்துதா? ஒரே ஏசின்னு சொன்னது உண்மைதான் போல."

"மைனி, மேல வீட்டுக்கு வீடு நீங்க இப்படிப் பொரிச்சா என் முகூர்த்தப் பட்டு என்ன கதிக்கு ஆகும்?" பொன்னுலிங்கம் துண்டுக்குள்ளிருந்து அலறினார். "கல்யாணப் பொண்ணு மீன் மணத்தோட மணவறையில இருப்பாளா?"

"இருக்கட்டும், மாப்பிள்ளைக்கு நல்லாப் பசிக்கும்."

ஜெப்சியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள். துண்டுக்குள் பொன்னுலிங்கமும் குலுங்கினார். ஹசனுக்குக் கோபப்பட ஆசை, சிரிப்பு விடவில்லை. புகையை வெளியே விடலாம் என்று போய்ச் சன்னல் கண்ணாடியைத் தள்ளினார். அசையவில்லை. அசையாதபடி வைக்கச் சொன்னதே அவர்தானே! திரும்பிப் பார்த்தால் சுலைகா இருமிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை காலம் காத்திருந்தவளைக் கூட்டிவந்து இதற்குள்ளேயா அடைக்கப் பார்த்தோம் என்று அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஜெப்சி, ரெண்டாவே பிரிச்சு எழுதிரு மக்கா," என்றார். "கடைக்கும் ஆபீஸுக்கும் ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு. எல்லா வீட்டுக்கும் சன்னல் தொறக்கணும்."

பிறகு, கூட்டாளி நிற்கிறார், மகளின் சிநேகிதி நிற்கிறாள் என்ற கூச்சமெல்லாம் விட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார். "கட்டடத்துக்கு ரெண்டு சான்று இருந்துட்டுப் போவட்டும் சுலைகா. நாம ரெண்டு வீட்டுல இருந்தது போதும். காலைல சாயா உன்கூட இருந்து குடிக்கணும் எனக்கு. அதுக்குத்தான் இந்தப் பாடெல்லாம். வாறியா?"

பொன்னுலிங்கம் சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். சுலைகா பீவி அடுப்பை அணைத்தாள். அவள் கண்ணில் நீர் நின்றது, புகை பாதி, மீதி வேறு.

"நீங்க அடைச்சு வச்சிருந்தாலும் வந்துதான் இருப்பேன். இனியும் உங்களத் தனியா விடுவேனா?" என்றாள். "தெனமும் சாளை பொரிச்சிருப்பேன், அவ்வளவுதான்."