இருபத்தெட்டு மைலேஜ்

காலை ஏழரைக்கு டிரைவர் ஆம்ப்ரோஸ் அண்ணன் என்னைத் தட்டி எழுப்பினார். வீடு வந்துவிட்டது என்று நினைத்தேன். தொம்மலூரில் எங்கள் கம்பெனி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தோம். நைட் ஷிப்ட் முடிந்து அவர் சுமோவில் ஏறித் தூங்கியதுதான் மிச்சம், வண்டி நகரவே இல்லை.

"இறங்கு தம்பி. என் வண்டிய நிறுத்திட்டாங்க."

2005-ல் எங்கள் அமெரிக்கத் தலைமை அலுவலகத்துக்குத் திடீரென்று கரியமில வாயு மேல் கவலை வந்தது. ஆட்களை ஏற்றும் வண்டி கிலோமீட்டருக்கு 250 கிராமுக்கு மேல் வாயு விடக்கூடாது. விட்டால் கான்ட்ராக்ட் ரத்து. டிரைவர் சொல்லும் எண்ணைக் கம்ப்யூட்டரில் போட்டால் அதுவே கணக்குப் போட்டுவிடும். ஆங்கில எழுத்து வரிசையில் முதல் ஆள் ஆம்ப்ரோஸ். அவருக்கு 522 வந்திருந்தது.

டிரான்ஸ்போர்ட் டெஸ்க்கில் மமதா மேடம் திரையைக் காட்டினார். "நோடி, இங்க பாருங்க, எல்லாம் சிவப்பு. நான் என்ன பண்றது ஆம்ப்ரோஸ்?"

"அவ்வளவு புகை லாரிதான் விடும் மேடம். நான் லிங்கராஜபுரத்துல இருந்து வர்றேன், கல் குவாரியில இருந்து இல்ல."

இன்ஜினியரிங்கை மூன்றாம் வருடத்தில் விட்டவன் நான். அங்கே கற்றதில் அலகு மாற்றும் கணக்கு மட்டும் இன்னும் மறக்கவில்லை. ஒரு பேப்பரைத் திருப்பிப் போட்டேன். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் எரிசக்தி. சுமோ லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடும். அப்படியென்றால் கிலோமீட்டருக்கு 3 மெகாஜூல். மெகாஜூலுக்கு 74 கிராம் வாயு. மொத்தம் 222.

"பாஸ்," என்றார் ஆம்ப்ரோஸ், தானே பரீட்சை எழுதியதுபோல.

பிறகு திரையைப் பார்த்தேன். 12 என்று போட்ட கட்டத்துக்கு மேலே 'மைலேஜ்' என்று இருந்தது.

"மேடம், மைலேஜ்னா என்ன?"

"லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்."

"நமக்கு. அமெரிக்காக்காரங்களுக்கு கேலனுக்கு எத்தனை மைல். கேலன்னா கிட்டத்தட்ட நாலு லிட்டர். நாலு லிட்டர் குடிச்சுட்டுப் பன்னிரண்டு மைல்தான் ஓடுதுன்னு நாம எழுதியிருக்கோம்."

"என் வண்டியக் குடிகாரன் ஆக்கிட்டீங்களே," என்றார் ஆம்ப்ரோஸ்.

ஃபார்முலாவைப் பூட்டி வைத்திருந்தார்கள். எண்ணைத்தான் மாற்ற முடியும். கிலோமீட்டரை மைலாகவும் லிட்டரைக் கேலனாகவும் மாற்றப் பன்னிரண்டை 2.35-ஆல் பெருக்கினேன். 28.2 வந்தது. "படிவத்துல இருபத்தெட்டுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்கண்ணா."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "சுமோ இருபத்தெட்டு குடுக்குமா? ஊரே சிரிக்கும். கீழ 'மேற்கண்டது உண்மை'ன்னு வேற போட்டிருக்கு."

"உண்மைதாண்ணா. அவங்க பாஷையில."

"பொய் எந்தப் பாஷையில சொன்னாலும் நான்தானே சர்ச்சுல சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துக்குப் போகணும்?"

"வேணாம்னா பன்னிரண்டே இருக்கட்டும். நாளையில இருந்து நான் பஸ்ல போறேன், நீங்க வீட்ல இருங்க."

பேனாவை மறுபடி எடுத்தார். 28 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துக்குக் கீழே தமிழில் '12தான்' என்று சேர்த்தார். மமதா மேடம் கண்டுகொள்ளாமல் 28-ஐ மட்டும் தட்டினார்.

224. பச்சை.

"ரெண்டு கிராம் கூடிப்போச்சே," என்றார் ஆம்ப்ரோஸ்.

"புள்ளிக்கு அப்புறம் இருந்தத விட்டுட்டோம்ல, அதான்."

சாவியைச் சுழற்றிக்கொண்டே வாசலுக்கு வந்தார். அடுத்த வண்டிக்காரர் மஞ்சுநாத் அங்கே படிவத்தோடு காத்திருந்தார். தன் வண்டி பதினைந்து கொடுக்கிறது என்று கேட்காதவர்களிடமும் சொல்பவர்.

"எவ்வளவு எழுதினே ஆம்ப்ரோஸ்?"

ஆம்ப்ரோஸ் என்னைப் பார்த்தார்.

"இருபத்தெட்டு."

மஞ்சுநாத் தன் படிவத்தைப் பார்த்தார், சுமோவைப் பார்த்தார். "எந்த மெக்கானிக்?"

"இவன்தான்," என்று என் தோளில் தட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார் ஆம்ப்ரோஸ்.