மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கவும்

நான் எந்த மாநிலத்தில் இருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்குத் தெரியும், ரேஷன் கார்டுக்குத் தெரியும், ஓட்டுக் கேட்டு வருகிற அத்தனை கட்சிக்காரர்களுக்கும் தெரியும். என் கம்பெனி ஆப்புக்கு மட்டும் தெரியாது.

எங்கள் வீடு புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் கடைசித் தெரு. கொல்லையை ஒட்டி வாய்க்கால். அதைத் தாண்டினால் கடலூர் மாவட்டம், அதாவது தமிழ்நாடு. அந்தப் பக்கத்து மாடு இந்தப் பக்கம் மேயும், இந்தப் பக்கத்துக் கோழி அந்தப் பக்கம் போய் முட்டையிடும், யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. ஆனால் போன் மேப்பில் என்னைக் காட்டுகிற நீலப் புள்ளி இருக்கிறதே, அது ஒரு இடத்தில் நிற்காது. ஒரு நேரம் எங்கள் கூடத்தில் இருக்கும். இன்னொரு நேரம் வாய்க்காலைத் தாண்டிப் போய் யாருடைய கரும்பிலோ நிற்கும்.

ஆன்லைனில் மிக்ஸி, குக்கர் விற்கிற ஒரு சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே சாட்டில் பதில் சொல்வது என் வேலை. கல்யாணமாகி வந்த பிறகு எனக்கென்று கிடைத்த முதல் வேலை. ஆப்பைத் திறந்தால் 'வணக்கம் விஜயகுமாரி' என்று வரும். இந்த ஊரில் என்னை அரிகரன் பொண்டாட்டி என்று சொல்லாத ஒரே ஆள் அதுதான். அதற்காகவே அதன் மேல் எனக்கு ஒரு பிரியம்.

சில பேர் தங்கள் ஐடியை வேறு ஆளுக்கு வாடகைக்கு விடுகிறார்களாம். அதனால் புள்ளி இரண்டு மாநிலத்தில் தெரிந்தால் வேலை செய்வது இரண்டு பேர் என்று ஆப் முடிவு கட்டிவிடும். மூன்று எச்சரிக்கை வந்தால் வேலை போய்விடும். எனக்கு ஏற்கெனவே ஒன்று வந்திருந்தது.

அன்றைக்குக் காலையில் புதுச்சேரியிலேயே நெட்டப்பாக்கம் பக்கத்திலிருந்து பவுனம்மாள் என்று ஒரு கஸ்டமர் வந்தார். மிக்ஸி வரவில்லை என்றார். என் திரையிலோ 'டெலிவரி முடிந்தது, ரகசிய எண் பெறப்பட்டது' என்று பச்சையாக இருந்தது.

“வந்துக்கினே இருக்கேன், நம்பர சொல்லுங்கன்னு போன்ல கேட்டான். சொன்னேன். அதோட ஆளக் காணோம்” என்று வந்தது. பேசினால் எழுத்தாகிற வசதியில் பேசுகிறார் போல, கோபம்கூடக் குறையாமல் வந்து சேர்ந்தது.

எங்களிடம் ரெடியாகச் சில வாக்கியங்கள் இருக்கின்றன. என் தமிழ் நன்றாக இருக்கிறது என்று சூப்பர்வைசர் லில்லி மேடம் என்னைத்தான் எழுதித் தரச் சொன்னார். அவர் சென்னையில் இருக்கிறார், நான் குரலை மட்டும்தான் கேட்டிருக்கிறேன். நான் எழுதியதில் ஒன்றை அழுத்தினேன்: 'உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் எங்கள் பதிவுகளின்படி பொருள் உங்களை வந்தடைந்துள்ளது.'

“நான் சொல்றத நம்ப மாட்ட, உன் பொட்டி சொல்றதத்தான் நம்புவியா?”

புகாரை மூடினேன். பதிவு அப்படி இருந்தால் மூடத்தான் வேண்டும்.

மத்தியானம் நான் இருந்த இடத்திலேயேதான் இருந்தேன். புள்ளிதான் கிளம்பிப் போனது. திரை பூட்டிக்கொண்டு, 'இரண்டாவது எச்சரிக்கை. மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கவும்' என்றது. புதுச்சேரி என்று அழுத்தினேன். 'தகவல் பொருந்தவில்லை.' மறுபடி அழுத்தினேன். மறுபடியும் அதே பாட்டு. உதவி கேட்டால் கம்பெனியின் சாட்பாட் வந்தது. ஆதார் அனுப்பட்டுமா, கரண்டு பில் அனுப்பட்டுமா என்று அதனிடம் கெஞ்சினேன்.

'உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் எங்கள் பதிவுகளின்படி நீங்கள் தமிழ்நாட்டில் உள்ளீர்கள்.'

என் வாக்கியம். நான் வைத்த முற்றுப்புள்ளிகூட வைத்த இடத்தில் இருந்தது. நான் எழுதியதே என் மூஞ்சியில் வந்து விழுந்தபோது பற்றிக்கொண்டு வந்தது. எவ்வளவு மரியாதை அதில். நாம் சொல்வது ஒன்றும் காதில் விழாத மரியாதை.

பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் நைட் ட்யூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் என் புலம்பலில் எழுந்து வந்தார்.

“இன்னா இப்போ? அது தமிழ்நாடுன்னு சொன்னா நீயும் தமிழ்நாடுன்னு போட்டுட்டுப் போயேன்.”

“பொய் சொல்லச் சொல்றீங்களா?”

“யாருகிட்ட? அதுகிட்டதான?”

“நான் பொறந்தது வில்லியனூரு, வாக்கப்பட்டது இந்த ஊரு. ஒரு நாளாவது அந்தப் பக்கம் குடியிருந்திருக்கனா?”

“துணி காயப்போட தெனம் போறியே.”

இந்த மனுஷனோடு பேசுவதற்கு அந்த சாட்பாட்டே தேவலை. ஆனாலும் வேலை போய்விடுமே என்ற பயத்தில் தமிழ்நாடு என்று அழுத்தித் தொலைத்தேன். அடுத்த நொடி பச்சை டிக். 'நன்றி விஜயகுமாரி. உங்கள் உண்மைத்தன்மை உறுதிசெய்யப்பட்டது.'

உண்மையைச் சொன்னபோது கதவைச் சாத்தியது, பொய் சொன்னதும் நாற்காலி போட்டு உட்காரவைக்கிறது. “பாத்தியா” என்று சொல்லிவிட்டு அவர் போய்ப் படுத்துக்கொண்டார்.

திறந்ததும் எனக்காகக் காத்திருந்தது பவுனம்மாள்தான். மறுபடியும் புகார் கொடுத்திருந்தார். இந்த முறை ரெடி வாக்கியத்தை அழுத்தக் கை வரவில்லை. சொந்தமாக அடித்தேன்: “அம்மா, நீங்க சொல்றத நான் நம்பறேன். நடந்ததை மறுபடி சொல்லுங்க.”

“காலைல மெஷினு பேசுச்சு. இப்ப யாரு?” என்று கேட்டார்.

“காலைலயும் நான்தாம்மா.”

“எந்த ஊரு நீ?”

“பாகூர்.”

“யாருகிட்ட கதை வுடுற? உன் பேருக்குக் கீழ தமிழ்நாடுன்னு பச்சையா டிக்கு போட்டுருக்கு. அவனும் இப்பிடித்தான், தோ முக்குலதான் நிக்கறேன்னான்.”

தலையில் அடித்துக்கொண்டேன். ஆப்பிடம் உண்மை எடுபடவில்லை, அந்த ஆப் கொடுத்த டிக்கால் இப்போது மனுஷியிடமும் எடுபடவில்லை. ஆனால் அவர் ஆதார் கேட்கவில்லை.

“பாகூருன்னா சொல்லு. உன் வூட்டுக்காரரு வண்டிக்குப் பெட்ரோலு எங்க போடறாரு?”

“இது இன்னாம்மா கேள்வி. இங்கதான். அந்தப் பக்கத்துக்காரங்கதான் வெல கம்மின்னு இங்க வந்து நிக்கறாங்க. அந்த டிக்கு கெடக்குதும்மா. வாய்க்காலுக்கு அந்தாண்ட தமிழ்நாடு, எங்க வூடு இந்தாண்ட.”

“அப்பிடிச் சொல்லு. நீ நம்ம ஆளுதான்” என்று வந்தது. அதோடு, ரகசிய எண் கேட்டவன் எந்த நம்பரிலிருந்து கூப்பிட்டான் என்பதையும் அனுப்பினார்.

அதை எடுத்துப் புகாரில் போடுவதற்குள் திரை சிவந்துவிட்டது. 'நீங்கள் உறுதிசெய்த மாநிலமும் உரையாடலில் கூறிய ஊரும் முரண்படுகின்றன. மூன்றாவது எச்சரிக்கை. உங்கள் கணக்கு முடக்கப்பட்டது.'

அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. ஐடியை வாடகைக்கு விட்டவள் என்று கம்பெனியில் பெயர் நிற்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நம்பறேன் என்று சொல்லி ஒரு நம்பரை வாங்கிக்கொண்டு பாதியில் காணாமல் போயிருக்கிறேன். அவனுக்கும் எனக்கும் அந்த அம்மாவுக்கு என்ன வித்தியாசம் தெரியும்?

சாயங்காலம் லில்லி மேடம் கூப்பிட்டார். “விஜயா, உன் ஐடில வேற யாராவது உக்காந்தாங்களா? உண்மையைச் சொல்லு.”

வாய்க்கால், புள்ளி, கரும்பு எல்லாவற்றையும் சொன்னேன். சென்னையில் உட்கார்ந்திருக்கிறவருக்கு என்ன புரிந்ததோ, “ம்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

“உன் கடைசி கஸ்டமர் ஃபீட்பேக் போட்டிருக்காங்க, படிக்கிறேன் கேளு” என்றார். “'பாதிப் பேச்சுல அந்தப் பொண்ணப் புடுங்கிட்டீங்க. அது பாகூரு பொண்ணுதான், நான் கேட்டுட்டேன். அத்த இன்னாத்துக்கு வெரட்டுனீங்க? மறுபடி உக்கார வையிங்க. நான் அதுகிட்டதான் பேசுவேன்.'”

காலையில் அவர் சொன்னதை ஒரே அழுத்தில் தள்ளிவிட்டவள் நான். அவர் என் முகத்தைப் பார்த்ததில்லை, இருந்தும் எனக்காகச் சண்டை போட்டிருக்கிறார்.

“பூட்டை எடுக்க ஆதாரம் கேக்குது” என்றார் மேடம் சலிப்பாக. “ஆதார், பில் எல்லாம் உன் வீடு எங்கன்னுதான் சொல்லும், நீ அங்க உக்காந்திருந்தியான்னு சொல்லாது. கடைசில மற்றவைன்னு ஒண்ணு இருக்கு. அதுல இந்த ஃபீட்பேக்கையே போட்டுடறேன். யாராவது கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்.”

மறுநாள் பூட்டு திறந்தது. 'வணக்கம் விஜயகுமாரி. மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கவும்.' நாற்காலியைத் தெருவாசல் வரைக்கும் இழுத்துப் போட்டுக்கொண்டு புதுச்சேரி என்று அழுத்தினேன். எவ்வளவோ நேரம் சுற்றிவிட்டு, போனால் போகிறது என்று சம்மதித்தது.

முதல் வேலையாகப் பவுனம்மாளின் புகாரை எடுத்தேன். நேற்று நான் மூடிய புகாரைத் திறக்க ஆதாரம் வேண்டுமாம். ரசீது, போட்டோ, கூரியர் அறிக்கை, கடைசியில் மற்றவை. மற்றவையை அழுத்தினேன். விவரம் கேட்டது. முதலில் அவர் அனுப்பிய நம்பரைப் போட்டேன்.

'அந்த அம்மா சொன்னாங்க' என்று அடித்தேன்.